எக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் கார் உலுக்குகிறது: கிளச் மாற்றத்தான் வேண்டுமா?

புதுக்குடியிருப்பு:
அண்ணைமார், என்னுடையது 2012ஆம் ஆண்டுச் சின்னப் பெற்றோல் கார். மனுவல் கியர், முன்சில்லுதான் இழுக்கும். ஒன்றாம், இரண்டாம் கியரில் மெதுவாகப் போகும்போது எக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் ‘டக்’ என்று ஓர் இடி, பிறகு மூன்று நாலு தரம் முன்னும் பின்னுமாக உலுக்குகிறது. கிளச்சை மிதித்தால் உடனே நின்றுவிடும். பரந்தன் வீதியில் நாலாம் கியரில் ஒன்றும் தெரியாது. வட்டுவாகல் பாலத்தில்தான் பெரிய கரைச்சல். ஒடுக்கப் பாலம், காலை வைத்து வைத்து எடுத்துத்தான் போகவேண்டும். அம்மாவுக்கு நாரி வருத்தம். கிழமைக்கொருக்கால் அவரை முல்லைத்தீவுக்கு ஏற்றிப் போகிறேன். ஒவ்வோர் உலுக்குக்கும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொள்கிறார். கராஜில் கிளச் முழுசாக மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா?

மாங்குளம்:
தம்பி, காசைக் கொடுக்க முதல் கொஞ்சம் பொறுங்கள். கிளச் தேய்ந்தால் எஞ்சின் இரையும், கார் அதற்கேற்ப ஓடாது. இல்லாவிட்டால் வெளிக்கிடும்போது நடுங்கும். நீங்கள் சொல்வது வேறு.

கால் வைத்திருக்கும்போது எஞ்சின் சில்லைத் தள்ளுகிறது. காலை எடுத்ததும் சில்லு எஞ்சினைத் தள்ளத் தொடங்குகிறது. அந்த மாறும் நொடியில் எஞ்சினைத் தாங்கும் றப்பர் மவுண்ட், கியர்பொக்ஸ், சில்லைச் சுற்றும் ஆக்ஸிலின் ஜொயின்ற் எல்லாவற்றிலும் உள்ள ஆட்டம் ஒன்றாகச் சேர்ந்து இடிக்கும். கியர் குறைந்தால் இடி கூடும். நாலாம் கியரில் தெரியாததற்குக் காரணம் அதுதான்.

முதலில் மவுண்டைப் பாருங்கள். சமதரையில் விட்டு, ஹான்ட் பிறேக்கை இழுத்து, கால் பிறேக்கையும் மிதித்தபடி ஒருவர் உள்ளே இருக்கட்டும். ஒன்றாம் கியரில் கிளச்சைப் பிடிக்கும் இடம்வரை மட்டும் மெல்ல விட்டு, திரும்ப மிதிக்கவேண்டும். பிறகு றிவர்ஸில் அதேமாதிரி. நீங்கள் பொனற்றைத் திறந்து பக்கவாட்டில் நின்று பாருங்கள். காருக்கு முன்னாலோ பின்னாலோ ஒருவரும் நிற்கக்கூடாது. எஞ்சின் இலேசாகச் சாய்வது இயல்பு. எழும்பிக் குதித்தால் மவுண்ட் றப்பர் போய்விட்டது.

ஒட்டுசுட்டான்:
அண்ணை சொன்னது சரி. அதோடு எஞ்சினுக்குக் காற்றை விடும் துறொட்டில் பொடியையும் பாருங்கள். எங்கள் கிறவல் ஒழுங்கைப் புழுதிக்கு எயர் பில்டர் சீக்கிரம் அடைக்கும். துறொட்டில் தகட்டின் விளிம்பில் கரி பிடித்தால் மெல்லத் திறக்காது, ஒட்டி நின்று திடீரென்று விடும். எக்ஸிலேட்டர் கேபிள் தொய்ந்திருந்தாலும் அதேபோல்தான். ஸ்டியறிங்கை முழுக்க வெட்டித் திரும்பும்போது ‘டக் டக்’ சத்தம் வருகிறதா? வந்தால் ஆக்ஸில் ஜொயின்ற். என்னுடையது பின்சில்லு இழுக்கும் வான். அதில் பின்சில்லுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் புறொப்பெலர் சாஃப்டின் குறொஸ் ஜொயின்ற்தான் போயிருந்தது, உங்கள் காரில் அது இல்லை.

புதுக்குடியிருப்பு:
திரும்பும்போது சத்தம் இல்லை. நேற்றுப் பின்னேரம் மனைவியை உள்ளே இருத்திச் செய்து பார்த்தேன். றிவர்ஸில் எஞ்சின் ஒரு கையளவு எழும்பி விழுகிறது! டோர்ச் அடித்தால் பின்பக்க மவுண்டின் றப்பர் இரும்பை விட்டு விலகி, நடுவில் விரல் போகும் அளவுக்குப் பிளவு.

மாங்குளம்:
அப்ப அதுதான். மற்ற மவுண்டுகளையும் அமத்திப் பார்த்து, வெடிப்பு இருந்தால் சேர்த்து மாற்றுங்கள். புது மவுண்ட் தளர்ந்த மவுண்டோடு நின்றால் அதுவும் சீக்கிரம் போய்விடும். கிளச் பிளேட்டில் உள்ள சின்னச் சுருள்வில் தளர்ந்தாலும் உலுக்கும். ஆனால் அதைப் பார்க்கக் கியர்பொக்ஸை இறக்கவேண்டும். அதைக் கடைசிக்கு விடுங்கள்.

புதுக்குடியிருப்பு:
பின் மவுண்ட் மாற்றி, துறொட்டில் பொடியும் துடைத்தாயிற்று. அந்த ‘டக்’ இல்லை. இரண்டாம் கியரில் சடாரென்று காலை எடுத்தால் மட்டும் ஒரு சின்ன இழுப்பு. இதுவும் பழுதா?

மாங்குளம்:
இல்லை. கால் எடுத்ததும் கம்பியூட்டர் பெற்றோலை நிறுத்தும், எஞ்சின் சுற்று நன்றாகக் குறைந்ததும் திரும்ப விடும். அந்த இழுப்பு எல்லாக் காரிலும் கொஞ்சம் உண்டு. பாலத்தில் காலை ஒரேயடியாகத் தூக்காமல் மெல்லத் தளர்த்துங்கள். ஊர்ந்து போகும் வேகம் வந்தால் கிளச்சை மிதியுங்கள்.

புதுக்குடியிருப்பு:
இன்று பாலத்தால் போய் வந்தோம். அம்மா டாஷ்போர்டில் கை வைக்கவில்லை. மெத்தப் பெரிய உபகாரம் அண்ணை.