கடையில் இன்ஷூரன்ஸ் கிடையாதாம்: பல்லுக்கும் அம்மாவின் சர்க்கரைக்கும் என்ன வழி?

வள்ளியாறு:
மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை ஒன்றில் பில்லிங் வேலை. சம்பளம் 16,500, பேங்க்லதான் வருது. சேல்ஸ், பேக்கிங், குடோன், வாட்ச்மேன் எல்லாம் சேர்த்து 14 பேர். இன்ஷூரன்ஸ் கேட்டா "இங்க அதெல்லாம் கிடையாது"ன்னு சொல்றாங்க. கீழ்க் கடைவாய்ப்பல்லில் குழி; நாலு நாள் விண்ணுவிண்ணுன்னு தெறிச்சுது, இப்போ தானா நின்னுட்டு. அம்மாவுக்கு 58 வயசு, சர்க்கரை உண்டு, வருமானம் இல்லை, என்கூடத்தான் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பாலிசி எடுக்கலாமா? இல்ல முதல்வர் காப்பீட்டு அட்டை கிடைக்குமா?

தோவாளைப்பூ:
பாலிசி பேச்சு அப்புறம். உங்க கடை இஎஸ்ஐ-க்குள் (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வர வேண்டிய கடை. 10 பேரோ அதுக்கு மேலோ வேலை பார்க்கும் கடையில் மாதம் 21,000 வரை சம்பளம் வாங்கும் எல்லாரையும் முதலாளி பதிவு செய்தே ஆகணும். அது அவர் மனசு வெச்சுத் தர்ற சலுகை இல்லை.

உங்க கணக்கு இது: உங்க பங்கு 0.75 சதவீதம், அதாவது மாதம் 124 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 537 ரூபாய். அந்த 537-ஐயும் உங்க சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சில இடங்களில் பிடிக்கிறாங்க, சம்பளச் சீட்டைப் பாருங்க.

பதிவானதும் 10 இலக்கக் காப்பீட்டு எண் வரும். குடும்ப விவரத்தில் அம்மா பெயர், ஆதார், போட்டோ மூணையும் அப்பவே ஏத்திடுங்க. பெற்றோரின் சொந்த வருமானம் மாதம் 9,000-க்குள் இருந்தா அவங்களும் உண்டு. ஏத்தாம விட்டுட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்னு அலையறவங்கதான் அதிகம். சிகிச்சை பதிவான நாள் முதலே உண்டு. நோய் விடுப்புப் பணத்துக்கு மட்டும் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்கணும். அப்போ சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை.

ஒண்ணை மறக்காதீங்க: முதலில் உங்களுக்கு ஒதுக்கின இஎஸ்ஐ மருந்தகம் (டாக்டர் பார்த்து மருந்து தர்ற இடம்), அங்கிருந்து பரிந்துரைச் சீட்டு, அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி. அவசரம் இல்லாத நேரத்தில் சீட்டு இல்லாம தனியாருக்குப் போனா பில் பணம் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

வள்ளியாறு:
நன்றிங்க. ஆனா கணக்கில் 9 பேரைத்தான் காட்டுறதா சொல்றாங்க. குடோன் ஆளுங்க காண்ட்ராக்டாம்.

தோவாளைப்பூ:
இது பழைய வழக்கம்தான். காண்ட்ராக்ட் ஆளும் தினக்கூலியும் எண்ணிக்கையில் சேரும். வருகைப் பதிவேட்டின் போட்டோ, பேங்க் ஸ்டேட்மெண்ட், அடையாள அட்டை இருந்தா எடுத்து வைங்க. இதில் எது கையில் இருந்தாலும் புகாருக்குப் பலம். இஎஸ்ஐ இலவச எண் 1800 11 2526. எழுத்தில் கொடுக்கணும்னா இஎஸ்ஐ-யின் திருநெல்வேலி துணை மண்டல அலுவலகம். முடிஞ்சா நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்க, ஒத்தை ஆளா நிக்க வேண்டாம்.

பேச்சிப்பாறை:
பல்லைப் பத்தி மட்டும் சொல்றேன், இதைத் தள்ளிப் போடாதீங்க. தெறிச்ச வலி தானா நிக்கிறது பெரும்பாலும் குணமானதுக்கு அடையாளம் இல்லை. உள்ளே நரம்பு செத்திருக்கலாம். அப்படின்னா பிறகு வேர் நுனியில் சீழ் கட்டலாம், தாடை வீங்கலாம். வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியலைன்னாலோ அன்னைக்கே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்க, ராத்திரியா இருந்தாலும் சரி.

இப்போதைக்கு மார்த்தாண்டத்திலிருந்து பக்கம் குலசேகரம் பல் மருத்துவக் கல்லூரி. அங்கே பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வாங்க. வெளி கிளினிக்கை விடச் செலவு குறைவு, ஆனா நேரம் பிடிக்கும். வேர் சிகிச்சைக்கு மூணு நாலு தடவை வரச் சொல்லலாம், லீவை அதுக்குத் தக்க வைங்க. முதலில் சின்ன எக்ஸ்ரே எடுப்பாங்க, அப்புறம் நரம்பை எடுத்து, சுத்தம் பண்ணி, அடைப்பாங்க. அதோட நின்னுட வேண்டாம். வேர் சிகிச்சை செஞ்ச கடைவாய்ப்பல்லுக்கு கேப் (பல்லுக்கு மேல் மாட்டுற உறை) போடலைன்னா கடிக்கும்போது பிளக்க வாய்ப்பு அதிகம். ஆழமா பிளந்தா பெரும்பாலும் பிடுங்குறதுதான் வழி. காசு பத்தலைன்னா உலோக கேப் போதும், உள்பல் யாருக்கும் தெரியாது.

வலி மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டு நாள் கடத்தாதீங்க. அம்மாவுக்குப் பல் பிடுங்க வேண்டி வந்தா சர்க்கரை அளவைப் பார்த்துட்டுத்தான். கூடியிருந்தா புண் ஆற நாளாகும்.

நாஞ்சில்நெல்:
முதல்வர் காப்பீடு கஷ்டம்தான். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கணும், உங்களுக்கு 1,98,000 வருது. அந்த அட்டை இருந்தாலும் சாதாரணப் பல் அடைப்புக்கு உதவாது. அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு அரசோட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தா வீட்டுக்கே வரும்.

பேங்க்ல 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் விபத்துக் காப்பீட்டை மெடிக்கல் இன்ஷூரன்ஸ்னு பலர் நினைச்சிருக்காங்க. அது விபத்தில் மரணம், ஊனத்துக்கு மட்டும்.

பாலிசி எடுத்தா ரெண்டு பேருக்கும் சேர்த்து எடுக்காதீங்க. குடும்ப பாலிசியில் மூத்தவர் வயசை வெச்சுத்தான் பிரீமியம். உங்களுக்குத் தனியா எடுத்தா மலிவு. அம்மா பாலிசியில் சர்க்கரையை எழுதியே ஆகணும். ஏற்கனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்பு 36 மாதம் வரை இருக்கலாம். மறைச்சா பின்னாடி கிளெய்ம் நிராகரிப்பாங்க. அறை வாடகை வரம்பையும் பாருங்க. வரம்புக்கு மேல் அறை எடுத்தா, வாடகையில் மட்டும் இல்லை, டாக்டர் கட்டணம் போன்ற சில பில்லிலும் அதே விகிதத்தில் வெட்டலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மெடிக்கல் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. ஏஜெண்ட் 18 சதவீதம் சேர்த்துச் சொன்னா ரசீதைக் கேளுங்க.

வள்ளியாறு:
குலசேகரத்துக்குத் திங்கக்கிழமை போறேன். பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்தாச்சு. பேக்கிங்ல ரெண்டு பேர் கூட கையெழுத்துப் போடத் தயார்.