'பேராயர்' எண்டால் பிஷப்பா, ஆர்ச்பிஷப்பா? அழைப்பிதழுக்கு அவசரம்

நல்லூர்ப்பேனை:
நூல் வெளியீட்டு அழைப்பிதழ் ஒண்டு நாளைக்கு அச்சுக்குப் போகுது. மேடையில இருக்கப்போற ஆக்கள்: கத்தோலிக்க ஆயர், தென்னிந்தியத் திருச்சபை பிஷப், கத்தோலிக்கக் குரு ஒருவர், அங்கிலிக்கன் பெண் குரு ஒருவர், கன்னியர் மடத்துச் சிஸ்ரர், இன்னும் குருப்பட்டம் கிடைக்காத டீக்கன், பெந்தகொஸ்தே பாஸ்ரர். புரூவ் பார்த்தவர் தென்னிந்தியத் திருச்சபைக்காரருக்கு முன்னால இருந்த 'பேராயர்' எண்டதை வெட்டிப்போட்டு 'ஆயர்' எண்டு திருத்தி, "பேராயர் கொழும்பில் மட்டும்தான்" எண்டு ஓரத்தில எழுதி விட்டிருக்கிறார். இது சரியா? மற்ற ஆக்களுக்கும் என்ன போடுறது?

குருநகர்க்காற்று:
புரூவ் பார்த்தவர் கத்தோலிக்கராக இருக்க வேணும். அவர் சொன்னது கத்தோலிக்க வழக்கில் முழுக்கச் சரி, மற்றச் சபையில் முழுக்கப் பிழை.

கத்தோலிக்கத்தில் திருநிலைப்பாடு, அதாவது பட்டம் கொடுத்து ஏத்திற படி, மூன்றே மூன்றுதான்: திருத்தொண்டர் (டீக்கன்), குரு, ஆயர் (பிஷப்). மற்றதெல்லாம் பொறுப்பு அல்லது கௌரவம். பேராயர் (ஆர்ச்பிஷப்) எண்டவர் உயர்மறைமாவட்டத்துக்குப் பொறுப்பான ஆயர். இலங்கையில் உயர்மறைமாவட்டம் கொழும்பு ஒண்டுதான். யாழ்ப்பாணம் 1886இல் மறைமாவட்டமாகி அப்படியே இருக்கு, அதனால் இங்கே ஆயர். கர்தினாலும் தனித் திருநிலைப்பாடு இல்லை, திருத்தந்தை (பாப்பரசர்) கொடுக்கிற நியமனம். 80 வயதுக்குள் இருந்தால் அடுத்த திருத்தந்தையைத் தெரிவு செய்ய வாக்குப் போடலாம். மொன்சிஞ்ஞோர் வெறும் கௌரவப் பட்டம். 2014க்குப் பிறகு, பொதுவாக 65 வயது தாண்டின மறைமாவட்டக் குருமாருக்கு மட்டுமே புதிதாய்க் கிடைக்கும். குருமுதல்வர் அப்படி இல்லை, அது வேலை. ஆயருக்கு அடுத்தபடி மறைமாவட்ட நிர்வாகத்தைப் பார்க்கிறவர். அந்தப் பொறுப்பு முடிஞ்ச பிறகும் பெயரோடு 'குருமுதல்வர்' எண்டு போடக்கூடாது. ஆயர்கள் 75 வயதில் பதவி விலகல் கடிதம் கொடுக்க வேணும். ஏற்கப்பட்டால் 'ஓய்வுநிலை ஆயர்'. பட்டம் போகாது, ஆட்சிதான் போகும்.

சுவாமி, அடிகள், பிதா, பாதர், அருட்தந்தை, இந்த ஐந்தும் ஒரே படிதான். ஞானப்பிரகாசருக்கு 'சுவாமி' ஒட்டிவிட்டது, தனிநாயகத்துக்கு 'அடிகள்' ஒட்டிவிட்டது. ரெண்டு பேரும் குருமார்தான், ஒருவர் மற்றவரை விட மேலே இல்லை. 'அருட்தந்தை … அடிகளார்' எண்டு ரெண்டையும் சேர்த்துப் போட்டால், தேங்காய்ப்பூச் சம்பலுக்கு மேல தேங்காய்ப்பூத் தூவின மாதிரி. ஒண்டு போதும். 'ஆண்டகை' ஆயருக்கு மட்டும், அதுவும் பெயருக்குப் பின்னால.

டீக்கன் விஷயத்தில்தான் எல்லாரும் வழுக்குவினம். வெள்ளை அங்கியோட நிண்டால் எல்லாரும் 'பிரதர்' எண்டுதான் கூப்பிடுவினம், ஆனால் குருமட மாணவரும் பிரதர், வாழ்நாள் முழுக்கத் துறவியாகவே இருக்கிற அருட்சகோதரரும் பிரதர். உங்கட ஆள் திருநிலைப்பாட்டின் முதற்படி ஏறிவிட்டார். 'திருத்தொண்டர்' எண்டுதான் போட வேணும். திருத்தொண்டராகிக் குறைஞ்சது ஆறு மாதம் கழிச்சுத்தான் குருப்பட்டம். அதனால் விழாத் திகதிக்கு முன்னம் அவருக்குக் குருப்பட்டம் இருக்கா எண்டும் கேளுங்கோ. இருந்தால் அழைப்பிதழ் வீடுகளுக்குப் போகேக்கை அவர் அருட்தந்தையாகி விடுவார்.

வட்டுக்கோட்டைச்சந்தி:
அந்த வெட்டை உடனே அழியுங்கள். தென்னிந்தியத் திருச்சபையில் பிஷப்பைத் தமிழில் 'பேராயர்' என்றுதான் சொல்வது. 1947இல் சபை உருவானபோது முதல் பேராயர்களில் ஒருவரான சபாபதி குலேந்திரனும் அப்படியே அழைக்கப்பட்டார். அந்தச் சபையில் ஆர்ச்பிஷப் என்ற பதவியே கிடையாது. பேராயர்களுக்குள் ஒருவர் மொடறேற்றராகத் தெரிவு செய்யப்படுவார், அவர்தான் 'பிரதமப் பேராயர்'. 'ஆயர்' என்ற சொல்லை அதே சபையின் தமிழ்நாட்டுப் பகுதியில் உள்ளூர்க் குருவுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே உங்கள் புரூவ்காரர் ஒரு பிஷப்பைப் பங்குக் குருவாகக் கீழே இறக்கிவிட்டார்!

இன்னொன்று: கத்தோலிக்கருக்கு 'மறைமாவட்டம்', தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பிரிவுக்கு 'ஆதீனம்'. சைவ ஆதீனத்தோடு குழம்புமென்று நினைத்து யாராவது 'மறைமாவட்டம்' என்று மாற்றுவார்கள், விடாதீர்கள். அவர்களுடைய கடிதத்தலைப்பில் இருப்பதே முடிவு.

அங்கிலிக்கன் பெண் குருவுக்கு 'அருட்தந்தை' போட முடியாது, 'அருட்சகோதரி' போட்டால் கன்னியாஸ்திரியாகிவிடுவார். 'அருட்பணி' ஆண் பெண் இருபாலாருக்கும் பொருந்தும். அதோடு, இலங்கை அங்கிலிக்கன் சபையின் கொழும்பு பிஷப்பையும் தமிழில் 'பேராயர்' என்று எழுதுபவர்கள் உண்டு. அந்தச் சபைக்கு மேல் இருக்கும் ஆர்ச்பிஷப், இங்கிலாந்தின் கன்ரபரி ஆர்ச்பிஷப். வெறுமனே 'கொழும்புப் பேராயர்' என்றால் கத்தோலிக்கப் பேராயரா அங்கிலிக்கன் பிஷப்பா என்று தெரியாது, சபையின் பெயர் கட்டாயம் வேண்டும்.

 

ஒற்றுப்பிசாசு:
எழுத்துப் பக்கம் கொஞ்சம். இலக்கணப்படி அருள் + தந்தை = அருட்டந்தை. முள் + தீது முட்டீது ஆவது போல. 'அருட்தந்தை' என்பது விதிக்கு வெளியே நிற்கிறது, ஆனால் 'அருட்டந்தை' என்று அடித்தால் அச்சகத்திலிருந்து தொலைபேசி வரும். உறுத்தினால் 'அருள்தந்தை' என்று பிரித்து எழுதுங்கள். 'அருட்சகோதரி', 'அருட்பணி' இரண்டிலும் சிக்கலே இல்லை.

'வண.' இலங்கையில் பௌத்த தேரர்களுக்கும் போடுவது. தேரர் ஒருவரும் மேடையில் இருந்தால் கத்தோலிக்கக் குருவுக்கு 'அருட்தந்தை' என்று போவது தெளிவு. ஆயர், பேராயர் இருவருக்கும் 'அதிவண.' சரி. ஒருவருக்குப் போட்டு மற்றவருக்கு விட்டால்தான் மனக்கசப்பு.

பாஸ்ரருக்கு 'போதகர்'. அந்தச் சபைகளில் 'சகோ.' என்றால் சாதாரண விசுவாசி, 'அருட்சகோ.' என்றால் கத்தோலிக்கத் துறவி. ஒரு 'அருட்' தவறினால் ஆளே மாறிவிடும். கன்னியாஸ்திரி என்று பேச்சில் சொல்லலாம், அழைப்பிதழில் அருட்சகோதரி. அமலமரித் தியாகிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபைக் குருவென்றால் பெயருக்குப் பின் 'அ.ம.தி.' வரும், அதை ஊர்ப்பெயரின் சுருக்கமென்று நினைத்து முன்னால் கொண்டுபோகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

நல்லூர்ப்பேனை:
எல்லாருக்கும் நன்றி. இப்படி மாத்தியிருக்கிறன், பாருங்கோ:

அதிவண. … ஆண்டகை, ஆயர், யாழ். மறைமாவட்டம்
அதிவண. பேராயர் …, தென்னிந்தியத் திருச்சபை, யாழ். ஆதீனம்
அருட்தந்தை …, பங்குத்தந்தை
அருட்பணி …, இலங்கைத் திருச்சபை (அங்கிலிக்கன்)
அருட்சகோதரி …
அருட்சகோ. திருத்தொண்டர் …
போதகர் …

குருநகர்க்காற்று:
ஆறாவதில் 'அருட்சகோ.'வைத் தூக்குங்கோ, திருத்தொண்டர் மட்டும். மூண்டாவதில் எந்தப் பங்கு எண்டு போடேல்லை. பங்கின் பெயர் இல்லாமல் 'பங்குத்தந்தை' எண்டால் அர்த்தம் இல்லை.