பண்ணைப் பாலத்திலை தூண்டில் போடத் தங்கூசியோ, பிரெய்ட் நூலோ?

கரைத்தூண்டில்: வணக்கம். 7 அடித் தடி, 3000 அளவு றீல். யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தடியிலை இறால் குத்திக் கீளி, கொடுவா மீன் பிடிக்கத்தான். கடையிலை 20 இறாத்தல் தாங்கிற பிரெய்ட் (பின்னின நூல்) போடச் சொல்லுகினம், பாலத்தடியிலை நிக்கிற ஆக்கள் தங்கூசிதான் (ஒற்றை நைலோன் நூல்) எண்டுகினம். எதை வாங்க?

குருநகர்க்காரன்: தங்கூசி. 0.40 மில்லிமீற்றர் போதும். பாலத்து ஓரமெல்லாம் கல்லு, கல்லிலை சிப்பி. 20 இறாத்தல் பிரெய்ட் 0.23 அளவிலைதான் வரும், அதுவும் மெல்லிய இழைகளைப் பின்னினது. சிப்பியிலை உரசி ரெண்டு மூண்டு இழை போனால் மீன் இழுக்கேக்கை அந்த இடத்திலை பட்டெண்டு அறும். தங்கூசி ஒரே கம்பி மாதிரி. மேல்தோல் கீறுப்பட்டாலும் உள்ளுக்கை மிச்சம் தாங்கும்.

வடமராட்சி வலை: அண்ணை, உரசல் சரி. ஆனா கடி தெரியவேணுமே? நைலோன் அறுறதுக்கு முன்னம் கால்வாசிக்குக் கிட்ட இழுபடும். 50 மீற்றர் தள்ளிப் போட்டால் கீளி இறாலைக் கொத்துறது அந்த இழுவையிலையே கரைஞ்சு போகும். தடி நுனி அசையாது, ஏத்திப் பார்த்தால் வெறும் தூண்டில்தான். பிரெய்ட் 3, 4 வீதம்தான் நீளும், கொத்து நேரை கைக்கு வரும். மற்றது, றீல் எவ்வளவு கொள்ளும் எண்டதைப் பாருங்கோ. 0.40ஐ 0.23 ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 3. அதே றீலிலை மூண்டு மடங்கு நூல்.

குருநகர்க்காரன்: பாலத்தடியிலை மூண்டு மடங்கு நூல் எதுக்கு? ஆழமில்லாத கடல். தம்பி, சோழகம் அடிக்கிற மாதங்களை நினைச்சுப் பாருங்கோ. பிரெய்ட் தண்ணியை விடப் பாரம் குறைஞ்சது, மிதக்கும். பக்கக் காத்து நடுவிலை வில்லு மாதிரி வளைச்சுப்போடும், நீங்கள் சொல்லுற அந்த நேர்க் கடி அங்கையே முடிஞ்சுது. தங்கூசி மெதுவாத் தாழும். கொடுவா துள்ளித் தலையை உதறேக்கை அந்த இழுவைதான் வாய் கிழியாமல் காப்பாத்துறது.

வடமராட்சி வலை: வாய் கிழியிறது டிறாக்கை (மீன் இழுக்கேக்கை றீல் நூல் விடுற இறுக்கத்தை) கூட இறுக்கி வைக்கிறதாலை. டிறாக் நூலின்ரை பலத்திலை கால்பங்கு இருக்கவேணும், 20 இறாத்தலுக்கு 5. கைத்தராசிலை நூலைக் கொழுவி இழுத்து 5 காட்டேக்கை றீல் நூல் விடுற மாதிரித் திருகி வையுங்கோ. கையாலை இழுத்துப் பார்த்து மட்டுக்கட்டினால் அநேகமாப் பிழைக்கும். அதோடை நைலோன் தண்ணி குடிக்கும். நனைஞ்ச நூல் பெட்டியிலை போட்டிருக்கிற பலத்துக்கு நிக்காது.

முரல்: ரெண்டு பேரும் சொல்லுறது சரிதான், ஆனா ரெண்டையும் சேர்த்தெல்லோ கட்டுறது! றீலிலை பிரெய்ட், முன்னுக்கு 0.50 தங்கூசி ஒரு மீற்றர். கல்லிலை உரசுறதும், கொடுவாவின்ரை செவுள் மூடி அறுக்கிறதும் அந்த முன்நூலிலைதான் படும்.

இனி வேலை. பிரெய்ட்டை நேரடியா றீலிலை கட்டினால் முழுச்சுத்தும் அப்பிடியே வழுக்கிச் சுழலும், மீன் இழுக்க றீல் சும்மா சுத்தும். முதல்லை 10 மீற்றர் தங்கூசி சுத்துங்கோ. அதுக்குப் பிறகு பிரெய்ட்டை ஈரத்துணியாலை இறுக்கிப் பிடிச்சுச் சுத்துங்கோ. தொய்யச் சுத்தினால் பெரிய மீன் இழுக்கேக்கை மேல்நூல் கீழ்ச்சுத்துக்குள்ளை வெட்டி இறங்கிச் சிக்கும். விளிம்புக்கு 2 மில்லிமீற்றர் கீழை நிப்பாட்டுங்கோ, நிரம்பினால் எறியேக்கை கும்பலாக் கழண்டு காத்து முடிச்சு விழும்.

முன்நூல் சேர்க்க இரட்டை யூனி முடிச்சு: தங்கூசிப் பக்கம் 4 சுத்து, பிரெய்ட் பக்கம் 8. பிரெய்ட் வழுக்கும், அதிலையும் 4 போட்டால் கழண்டுபோகும். இறுக்க முன்னம் எச்சிலாலை நனையுங்கோ. காய்ஞ்சபடி இறுக்கினால் தங்கூசி சூடேறிச் சுருளும், முடிச்சடி வெள்ளையாத் தெரியும். அப்பிடித் தெரிஞ்சால் வெட்டிப்போட்டுத் திருப்பிக் கட்டுறதுதான்.

குருநகர்க்காரன்: சேர்வை நல்லது, மறுக்கேல்லை. ஆனா முடிச்சு வளையத்துக்குள்ளாலை போகேக்கை தட்டும். முன்நூலை நீளமா வைச்சால் எறி குறையும்.

முரல்: அதுக்குத்தான் ஒரு மீற்றர். எறியேக்கை முடிச்சு தடி நுனிக்கு வெளியிலை தொங்கவேணும். ஈயத்தையும் தூண்டிலையும் அந்த மீற்றருக்குள்ளை அடக்குங்கோ. சீலா வந்தால் மட்டும் கம்பி முன்நூல், தங்கூசி எவ்வளவு தடிப்பெண்டாலும் அதின்ரை பல்லுக்கு நிக்காது.

கரைத்தூண்டில்: தங்கூசி இஞ்சை தடையெண்டும் ஒருத்தர் சொன்னவர்?

வடமராட்சி வலை: தடை தங்கூசி வலைக்கு. தூண்டில் நூலுக்கில்லை.

குருநகர்க்காரன்: ஒண்டு மட்டும் எல்லாரும் கவனியுங்கோ. கைத்தூண்டிலுக்குப் பிரெய்ட் வேண்டவே வேண்டாம், விரலை வெட்டும். கல்லிலை சிக்கினாலும் நூலைக் கையிலை சுத்தி இழுக்காமல் ஒரு தடித்துண்டிலை சுத்தி இழுங்கோ. அறுந்த தங்கூசியைக் கடலுக்கை விடாமல் சுருட்டிக்கொண்டு வாங்கோ, பறவையளின்ரை காலிலை சிக்கும். அதோடை தங்கூசிதான் போடப்போறீங்களெண்டால், கடைசி ஒரு மீற்றரை நகத்துக்கு நடுவிலை விட்டு இழுத்துப் பாருங்கோ. சொரசொரப்புத் தட்டின இடத்துக்கு மேலை வெட்டிப்போட்டுக் கட்டுங்கோ, ஒவ்வொரு மீனுக்குப் பிறகும்.