நெல்லைச் சீமையில் பிள்ளைகள் கையில் வேப்: நீங்கள் பார்த்ததையும் பேசியதையும் எழுதுங்கள்

பாளை ட்யூஷன் டீச்சர்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. எமர்ஜென்சி லைட்டை எடுக்க எழுந்தேன். கடைசி வரிசையில் ஒரு பையனின் முழுக்கைச் சட்டைக்குள் நீலமாகச் சின்ன வெளிச்சம் எரிந்து அணைந்தது. பின்னாலேயே மாம்பழ வாசனை. கரண்ட் வந்தபோது எல்லாரும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவனைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். மறைக்கவே இல்லை. "வெறும் ஆவிதான் டீச்சர். சளி பிடிச்சா வேது பிடிக்கோம்லா, அது மாதிரி" என்றான். பொய் சொல்கிற முகம் இல்லை, முழுசாக நம்பித்தான் சொன்னான். அந்த நம்பிக்கைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வேப் என்றால் பேட்டரியில் ஓடுகிற இ-சிகரெட், அதை யாரும் எனக்கு விளக்க வேண்டாம். உங்கள் பள்ளியில், தெருவில், கோயிலில், ஜமாத்தில், சர்ச்சில் யாராவது பிள்ளைகளிடம் இதைப் பேசியிருந்தால் எழுதுங்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள், பிள்ளைகள் திருப்பி என்ன கேட்டார்கள், எனக்கு அதுதான் வேண்டும்.

அம்பாசமுத்திரம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

நான் பணியில் இருந்த கடைசி வருடத்தில் ஒரு மாணவனின் ஜியோமெட்ரி பாக்ஸில் பென் டிரைவ் மாதிரி ஒன்று அகப்பட்டது. தகப்பனாரை வரச் சொன்னேன். வயலிலிருந்து அப்படியே வந்தார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் சாமான்தானே சார், நான் வாங்கிக் குடுத்ததாத்தான் இருக்கும்" என்றார். மகன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். அந்தத் தகப்பனின் முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள். பிள்ளையின் பையை வாரம் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். மார்க்கர் பேனா, பென் டிரைவ், உதட்டுச்சாயம் என எந்த உருவத்திலும் அது வருகிறது. சார்ஜ் ஏற்றும் ஓட்டை இருக்கிற பேனா எதற்கு என்று கேளுங்கள். போனில் பணம் அனுப்பிய கணக்கைத் திறந்து பாருங்கள், தெரியாத பெயருக்குப் போயிருந்தால் விடாதீர்கள். சட்டையில் பழ வாசனை, ஓயாத தாகம், காரணமில்லாத எரிச்சல், பாத்ரூமில் அதிக நேரம், எல்லாவற்றையும் கவனியுங்கள். பள்ளிகளும் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. இரண்டு பேருக்கு டி.சி. கொடுத்தால் இருநூறு பேர் திருந்துவார்கள். மேடையில் நீட்டி முழக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் இதை இழுத்து 68 பேர் செத்தார்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும், பயந்துவிடுவார்கள்.

முக்கூடல் பீடி சுற்றும் அம்மா

சார் சொல்கிற மாதிரி நானும் பையைக் கொட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பதினொன்றாவது படிக்கிற மகன். அப்போது என் மடியில் சொளகு, சொளகு நிறையத் தூள். "ஏலே, இது என்னது?" என்று கேட்டால், அவன் என் சொளகைக் காட்டுகிறான். "நீ நாள் பூரா புகையிலைல கைய விட்டுட்டு இருக்க. என்ட்ட இருக்கதுல ஒரு துண்டு புகையிலை உண்டாம்மா? புகை உண்டா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. முன்பு ஒருமுறை எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒரு நர்ஸம்மா வந்திருந்தபோது, நிக்கோட்டின் தோல் வழியாகவும் ஏறும் என்று சொல்லியிருந்தார்கள். அதை வைத்துத்தான் அவனிடம் பேசினேன். உன் சித்தி முதன்முதலில் பீடி சுற்ற உட்கார்ந்த அன்றைக்கு என்ன ஆனாள்? தலை சுற்றி, வாந்தி எடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்தாளே. அவள் பற்ற வைத்தாளா? புகை வந்ததா? புகையே இல்லாமல் கை வழியாக ஏறினதே அந்தப் பாடு படுத்தும் என்றால், நீ நெஞ்சுக்குள் இழுக்கிறது நேரே ரத்தத்துக்குப் போகும், அங்கிருந்து மூளைக்குப் போகும், கொஞ்ச நேரத்திலேயே. அந்தத் தண்ணியில் இருக்கிற நிக்கோட்டினையும் பெரும்பாலும் நம்ம கையில் இருக்கிற இதே புகையிலையிலிருந்துதான் பிரித்து எடுக்கிறார்கள்.

அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். மறுநாள் காலையில் நான் இலை வெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்போ ஒனக்கு எவ்வளவு ஏறியிருக்கும்மா?" என்று கேட்டான். அதற்கு என்ன பதில் சொல்ல? கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

டி.சி. பேச்சு வேண்டாம் சார். டி.சி. வாங்கின பிள்ளை எங்கே போவான் என்று எங்களுக்குத் தெரியும். கேரளாவுக்கு வண்டி ஏறுவான். அங்கே அவன் பையைக் கொட்டிப் பார்க்க யார் இருக்கா?

ஜங்ஷன் செல்போன் கடைக்காரர்

எல்லாரும் பிள்ளைகளையே சொல்கிறீர்கள். விற்கிறவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் கடைக்குத் தோள்பையோடு ஒரு பையன் வந்தான். டெம்பர்டு கிளாஸ், இயர்போன் எல்லாம் காட்டிவிட்டு, அடியிலிருந்து கலர் கலராக டப்பாக்களை எடுத்தான். தர்பூசணி, புதினா, பபிள்கம். "அண்ணாச்சி, ஸ்கூல் விடுற நேரத்துல பாருங்க, பிச்சிக்கிட்டுப் போகும்" என்றான். ஸ்கூல் விடுகிற நேரம் என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னான். என் மகளும் அந்த நேரத்தில்தான் பஸ்ஸுக்கு நிற்பாள். வெளியே போ என்று சத்தம் போட்டேன். அவன் அடுத்த கடையில் ஏறினான்.

கடை வைத்திருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2018-லேயே தடை வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம், அந்த டிசம்பரில் முழுச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவை பிடிபட்டால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். "விற்கவில்லை, சும்மா வைத்திருக்கிறேன்" என்பதும் செல்லாது, இருப்பு வைத்தாலே ஆறு மாதம் வரை சிறையோ 50,000 வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. நிக்கோட்டின் இல்லாத சரக்கு என்று அந்தப் பையன் சொன்னான். இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். தவிர, தடை செய்த சாமானின் டப்பாவில் என்ன எழுதியிருந்தால் என்ன, அதை யார் சோதித்துப் பார்த்தார்கள்?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டம் இழுக்கிற பிள்ளைக்குத் தண்டனை சொல்லவில்லை, வியாபாரத்தைத்தான் பிடிக்கிறது. டி.சி. கொடுக்கச் சொல்கிற சார் இதையும் யோசிக்க வேண்டும். வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை இதை எடுத்துப் பேசுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கடைக்காரர் பத்துப் பேர் சேர்ந்து "எங்கள் கடையில் கிடையாது" என்று எழுதி ஒட்டினால், தோள்பைக்காரன் அந்தத் தெருவுக்கே வரமாட்டான்.

பேட்டை கல்லூரி மாணவர்

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு பள்ளிக்குப் போனோம். திரையில் கறுத்துப்போன நுரையீரல் படம் ஓடியது. முன்வரிசைப் பையன்கள் முகத்தைச் சுளித்தார்கள், பின்வரிசையில் சிரிப்பு. படம் முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, "அண்ணே, இது பீடி குடிச்சவங்க நுரையீரல்லா? வேப்ல என்ன இருக்கு, அதச் சொல்லுங்க" என்றான். மேடையில் இருந்த பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மைக்கை எடுத்து, "நேரமாகிவிட்டது, உறுதிமொழி எடுப்போம்" என்று முடித்துவிட்டார்கள். அந்தப் பையன் உறுதிமொழிக்குக் கையை நீட்டவில்லை.

அடுத்த முறை போனபோது படத்தைத் தூக்கிவிட்டோம். ஒரு சாக்பீஸ் போதும். போர்டில் நானே வரைந்தேன். இங்கே லித்தியம் பேட்டரி, இங்கே கம்பிச்சுருள், அதைச் சுற்றி நனைந்த பஞ்சு. பஞ்சில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், நிக்கோட்டின். சுருள் சூடானால் அதெல்லாம் நுண்துளியாகப் பறக்கும், அதனால் இது தண்ணீர் ஆவி இல்லை. சூட்டில் ஃபார்மால்டிஹைடு மாதிரியானவை உண்டாகும், சுருளிலிருந்து நிக்கல் போன்ற உலோகத் துகளும் கூட வரும். அப்புறம் நிக்கோட்டினை உப்பு வடிவில் சேர்த்தால் தொண்டை அவ்வளவாக எரியாது, அதனால் சின்னப் பிள்ளை கூட இருமாமல் இழுக்கலாம். இதைச் சொன்னதும் ஒருவன், "அப்போ எரியாம இருக்கணும்னே செஞ்சிருக்கானுவளா?" என்று கேட்டான். வகுப்பில் பாதிப் பேர் திரும்பி அவனைப் பார்த்தார்கள். நாங்கள் நீட்டி விளக்கியதைவிட அவன் கேட்டதுதான் வேலை செய்தது.

சேரன்மகாதேவி நர்ஸ்

தலைமையாசிரியர் ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. 2019-ல் அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னால் முழுசாகச் சொல்லுங்கள். நுரையீரல் பாதிப்போடு 2,800 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனதும், 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்ததும் உண்மை. ஆனால் பெரும்பாலும் அது கஞ்சாச் சத்து கலந்த சரக்கு, அதில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். பாதியைச் சொன்னால் பையன் போனில் மீதியைத் தேடி எடுத்துவிடுவான். அப்புறம் நீங்கள் சொல்கிற மற்ற உண்மைகளையும் நம்பமாட்டான்.

என்னிடம் ஒரு பிளஸ் ஒன் பையன் தலைவலி மாத்திரை கேட்டு வந்தான். பேசப் பேச சட்டைக் காலரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருந்தான். "பரீட்சை ஹால்ல உக்காரவே முடியலக்கா. கை நமநமங்குது" என்றான். பேரைக் கேட்டேன். "வீட்டுக்குச் சொல்லுவீங்களா?" என்றான், அதற்குப் பதில் வந்த பிறகுதான் பேரைச் சொன்னான். டி.சி. பயம் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை என் வாசலுக்கே வந்திருக்காது.

விட நினைக்கிற பிள்ளைகளின் வீட்டாருக்கு. மூளை சுமார் 25 வயது வரை வளர்கிறது, அதனால் இந்த வயதில் நிக்கோட்டின் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். விட்டதும் முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், எரிச்சல், தூக்கமின்மை, கவனம் நிற்காது. அந்த வாரத்தில் பிள்ளையிடம் சண்டை போடாதீர்கள். வேணும் என்கிற வேகம் சில நிமிடங்களில் தணியும், அதுவரைக்கும் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், கூட ஒரு நடை போங்கள். புகையிலையை விடுவதற்கான தேசிய உதவி எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது. மனசு சரியில்லை என்றால் 14416. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தத் திரவம் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுங்கினால் விஷம்.

களக்காடு கொடைக் கமிட்டிக்காரர்

எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுப் புலவரிடம், கதைக்கு நடுவில் இதைக் கொஞ்சம் சேர்த்துச் சொல்லக் கேட்டோம். சாமி காரியத்தில் இது எதற்கு என்று சிலர் முறைத்தார்கள். புலவர் வீசுகோலை நிறுத்திவிட்டு, "பழ வாசம் வருதே, பழம் எங்க?" என்று கேட்க, குடக்காரர், "பழமும் இல்ல, மரமும் இல்ல, வாங்குனவன் பையில பணமும் இல்ல" என்றார். பந்தலுக்குப் பின்னால் நின்ற இளவட்டங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சத்தமாக, "எய்யா, அது எப்படித்தான் இருக்கும்? நாங்க பாத்ததே இல்லியே" என்றாள். எல்லாப் பொம்பளைகளும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பின்னால் நின்ற பையன்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று, முன்னால் இருந்த தாய்மார் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த கொடைக்கு என்னென்ன உருவத்தில் வருகிறது என்று படம் போட்டு ஃபிளெக்ஸ் வைக்கப்போகிறோம்.

அம்பாசமுத்திரம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

நர்ஸ் அம்மா சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் கண்டிப்பே இல்லாத பள்ளி பள்ளி இல்லை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. பையன்களைப் பிடித்த அன்றே ஆஸ்பத்திரிக்கோ ஆலோசகரிடமோ அழைத்துப் போகும் கண்டிப்பாக இருக்கட்டும், சரி. கண்டுகொள்ளாமல் விடுவதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பேட்டை கல்லூரி மாணவர்

முக்கூடல் அக்கா, ஒரு உதவி. நாங்கள் போகிற பள்ளிகளில் போர்டில் வரைகிறது சரி, நீங்கள் சித்தி கதையைச் சொன்னால் எங்களைவிட நன்றாகக் கேட்பார்கள். ஒரு நாள் வர முடியுமா? வண்டி அனுப்புகிறோம்.

முக்கூடல் பீடி சுற்றும் அம்மா

வாரேன் தம்பி. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குக் கடையில் பீடி ஒப்படைத்துக் கணக்குப் பார்க்கணும். மேடையும் மைக்கும் வேண்டாம், வகுப்பிலேயே பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிறேன். சொளகையும் தூளையும் கொண்டு வரலாமா என்று மட்டும் பள்ளிக்கூடத்தில் கேட்டுச் சொல்லுங்கள். புகையிலையை உள்ளே விடமாட்டார்கள் என்றால், வெறும் சொளகோடு வாரேன்.