தென்னாப்பிரிக்காவுல பென்ஷன் ஃபண்ட் துறை வேலைக்குப் படிக்க பர்சரி (படிப்புச் செலவுக்கான உதவிப் பணம்) வாங்கினவங்க அனுபவம் சொல்லுங்க

சாட்ஸ்வொர்த் அப்பா
மகளுக்கு பர்சரி கிடைச்சது, பென்ஷன், குரூப் லைஃப் (தொழிலாளிகளுக்கு மொத்தமா எடுக்கிற ஆயுள் இன்ஷூரன்ஸ்) பார்க்கிற கம்பெனி ஒண்ணுல. பேர் வேண்டாம். ஃபீஸ், ரெஸ் (ஹாஸ்டல்), புத்தகம் எல்லாம் அவங்க பொறுப்பு. படிக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வருஷம் அங்கே வேலை பார்க்கணும். அது வழக்கமானதுதான். உறுத்துறது ஒப்பந்தத்தோட கடைசிப் பக்கம். பாதியில விட்டா மொத்தப் பணத்தையும் வட்டியோட நான் கட்டணுமாம், ஜாமீன் நான்தான். "வீட்ல வெச்சுப் படிச்சுட்டு வரட்டுமா"ன்னு கேட்டேன். கையெழுத்து வாங்கின கம்பெனிப் பொண்ணு பேனா மூடியைக் கழட்டி நீட்டி, "அங்கிள், வெளியே ஆள் காத்திருக்காங்க"ன்னா. மகள் என் முகத்தையே பார்த்துட்டு நின்னா. கையெழுத்து போட்டுட்டேன்.

பீனிக்ஸ் அக்கா
அண்ணே, பயப்படாதீங்க. நானும் அப்படி பர்சரியில படிச்சு பென்ஷன் ஃபண்ட் வேலைக்கு வந்தவதான். வேலை கைமேல இருக்கு, அதைவிட என்ன வேணும்?

எனக்கு மறக்காதது 2024 செப்டம்பர். டூ-பாட் ஆரம்பிச்ச முதல் வாரம், அதாவது பென்ஷன் சேமிப்பை ரெண்டாப் பிரிச்சு, சேவிங்ஸ் பாட்ங்கிற பங்குல இருந்து மட்டும் ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடியே எடுக்கலாம்ங்கிற முறை. ஃபேக்டரியில வேலை பார்க்கிற ஒருத்தர், மகனோட வார்சிட்டி (யூனிவர்சிட்டி) ரிஜிஸ்ட்ரேஷனுக்குன்னு சேவிங்ஸ் பாட்டுல இருந்து எடுக்க வந்தார். வரி போக கைக்கு வர்ற தொகையைக் காட்டினேன். ஸ்க்ரீன்ல விரலை வெச்சு, "மீதி எங்கேம்மா?"ன்னார். சம்பளத்தோட சேர்த்து வரி போடுவாங்கன்னு விளக்கினேன். அடுத்த வரி வருஷம் வரைக்கும் மறுபடி எடுக்கவும் முடியாது. பர்சரியில படிச்ச நான், பர்சரி கிடைக்காத பிள்ளையோட அப்பாகிட்ட இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

மாரிட்ஸ்பர்க் தம்பி
எனக்கு இன்டர்வியூதான். "மெம்பர் இறந்துட்டா பணம் யாருக்கு?"ன்னு கேட்டாங்க. ஃபார்ம்ல பேர் இருந்தா மட்டும் போதாது, பென்ஷன் ஃபண்ட் சட்டத்தோட 37சி பிரிவுப்படி அவரை நம்பி இருந்தவங்க யார் யார்னு ஃபண்டை நிர்வகிக்கிற டிரஸ்டிகள் தேடிப் பார்த்துதான் பிரிக்கணும்னு சொன்னேன். எப்படித் தெரியும்னாங்க. சுகர் மில்லுல வேலை பார்த்த மாமா இறந்தப்போ, விசாரிக்க வந்தவர் அத்தை முன்னாடியே "வேற குடும்பம் உண்டா?"ன்னு கேட்டதைச் சொன்னேன். அத்தை அப்போ முந்தானையால மேசையைத் துடைச்சுட்டே இருந்தாங்க, அதையும் சொன்னேன். பர்சரி வந்தது. அத்தைகிட்ட இதை நான் இன்னும் சொல்லலை.

டோங்காட் அண்ணாச்சி
பீனிக்ஸ் அக்கா சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். வேலை கைமேலன்னு எந்த ஒப்பந்தத்துல இருக்கு? என் தங்கச்சி மகன் படிச்சு முடிச்சான், இப்போ இடம் இல்லைன்னு கம்பெனி சொல்லிடுச்சு. கடன் தள்ளுபடியான்னு கேட்டா, ஒப்பந்தத்துல அதைப் பத்தி ஒரு வரி இல்லை. ஆறு மாசம் அலைஞ்சான்.

அதனால கையெழுத்துக்கு முன்னாடியே கேளுங்க: வேலை கொடுக்காட்டி கடன் ரத்தாகுமா? வட்டி எவ்வளவு, எந்த நாள்ல இருந்து? ஒரு பாடம் ஃபெயிலானா உடனே நிறுத்துவாங்களா, மறுபடி எழுத விடுவாங்களா? வாயால சொன்னா போதாது, ஈமெயில்ல வாங்குங்க. ஒரே கம்பெனியை நம்பியும் உட்காராதீங்க. இன்ஷூரன்ஸ், பென்ஷன் துறைக்கு இன்செட்டா (அந்தத் துறையோட பயிற்சி அமைப்பு) பர்சரி இருக்கு. வீட்டு வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ராண்டுக்குள்ள இருந்தா என்எஸ்எஃப்ஏஎஸ், அரசாங்கத்தோட மாணவர் உதவித் திட்டம். அதுக்கு மேல, 6,00,000 வரைக்கும்னா இகுசாசா மாணவர் உதவித் திட்டத்துக்குப் போடுங்க, ஆக்சுவரியல் (இன்ஷூரன்ஸ், பென்ஷன் ரிஸ்க் கணக்கு) படிக்கிற பிள்ளைகளை அவங்க எடுக்கிறாங்க. எல்லாத்துக்கும் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) வருஷத்துலயே போட்டு வைங்க, ரிசல்ட் வரட்டும்னு இருந்தா தேதி போயிடும்.

சாட்ஸ்வொர்த் அண்ணே, ஒப்பந்தத்தோட காப்பி உங்ககிட்ட இருக்கா? இல்லைன்னா நாளைக்கே கேட்டு வாங்குங்க.