சொந்தக் காரில் சிங்கப்பூரிலிருந்து கோ சாமுய்: காப்புறுதி எல்லை, படகுப் பயணம் பற்றிய சந்தேகங்கள்

கேள்வி

வணக்கம். வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் சொந்தக் காரில் மலேசியா வழியாகத் தாய்லாந்துக்குச் சென்று, டொன் சாக் துறையில் காரைப் படகில் ஏற்றிக் கோ சாமுய் தீவுக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள என் தாயார் ஆகியோர் உடன் வருகிறார்கள். முதல் நாள் துவாஸிலிருந்து ஈப்போ, இரண்டாம் நாள் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டி ஹாட் யாய், மூன்றாம் நாள் டொன் சாக் என்று வழியைப் பிரித்திருக்கிறேன். மலேசிய வாகன நுழைவு அனுமதி கையில் இருக்கிறது. காரின் வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை.

என் காப்புறுதிப் பத்திரத்தில் சிங்கப்பூர், மேற்கு மலேசியா, மலேசிய எல்லையிலிருந்து 80 கிலோமீட்டருக்கு உட்பட்ட தாய்லாந்துப் பகுதி ஆகியவற்றில் மட்டுமே பாதுகாப்பு உண்டு என்று எழுதியிருக்கிறது. எல்லையில் வாங்கும் தாய்லாந்துக் காப்புறுதியே மீதித் தூரத்துக்குப் போதும் என்கிறார் உறவினர் ஒருவர். அது சரியா? படகில் இருக்கும்போது காருக்கு ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு? தாயார் படகில் படியேற வேண்டியிருக்குமா?

பதில் 1

உறவினர் சொல்வதை நம்பிப் புறப்பட வேண்டாம். எல்லையில் எல்லா வெளிநாட்டு வாகனங்களும் வாங்கியாக வேண்டிய கட்டாயக் காப்புறுதி, விபத்தில் மனிதர்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே இழப்பீடு தரும். நீங்கள் இடித்த வண்டிக்கும் அது பணம் தராது, உங்கள் வண்டிக்கும் தராது. அதனுடன் மூன்றாம் தரப்பினரின் சொத்துச் சேதத்துக்கான தன்விருப்பக் காப்புறுதியையும் சேர்த்து வாங்கினாலும், உங்கள் காருக்கு நேரும் சேதத்தை நீங்களேதான் ஏற்க வேண்டும்.

எல்லையிலிருந்து ஹாட் யாய் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஆகவே உங்கள் சிங்கப்பூர்க் காப்புறுதி அந்த நகரைத் தாண்டிச் சற்றுத் தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு டொன் சாக் வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கு இப்போதே எழுதி, பயணத் தேதிகளைக் குறிப்பிட்டு, தாய்லாந்து முழுவதற்கும் பாதுகாப்பை நீட்டித்துத் தரும்படி கேளுங்கள். கடல் பயணத்தைத் தனி வரியாகக் கேட்பது நல்லது. சில பத்திரங்களில் பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான படகுப் பயணம் மட்டுமே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கும். அப்படியானால் சாமுய் படகு அதில் அடங்காது. தொலைபேசியில் "பரவாயில்லை" என்று சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், எழுத்தில் வாங்குங்கள்.

பதில் 2

ஆவணங்களைப் பற்றி நான் சொல்கிறேன். கடன் முடியாத காரின் உரிமையில் வங்கிக்கும் பங்கு இருப்பதால், காரைத் தாய்லாந்துக்குக் கொண்டுசெல்ல அனுமதிக்கும் கடிதத்தை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். கடிதம் வர நாள் பிடிக்கும் என்பதால் இதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். வாகனப் பதிவு விவரத்தை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்திலிருந்து அச்சிட்டு இரண்டு மூன்று பிரதிகள் எடுத்துவையுங்கள். ஆசியான் நாடுகள் ஒன்றின் ஓட்டுநர் உரிமத்தை மற்றொன்று ஏற்கும் உடன்படிக்கை 1985 முதல் இருப்பதால், உங்கள் சிங்கப்பூர் உரிமமே அங்கே செல்லும்.

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும், தரைவழியாக வந்தாலும், மின்னிலக்க வருகை அட்டையை வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அது அரசுத் தளமன்று. வாகனத்துக்கான படிவங்களையும் கட்டாயக் காப்புறுதியையும் எல்லைக்கு முன்னால் சாங்லூன் ஊரிலுள்ள கடைகளில் முடித்துக்கொள்ளலாம்.

எல்லையின் தாய்லாந்துப் பக்கத்திலுள்ள சாடாவ் சுங்கத்தில் காருக்குத் தற்காலிக இறக்குமதித் தாள் ஒன்று தருவார்கள். அதிலுள்ள பதிவெண்ணையும் திரும்ப வேண்டிய தேதியையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். திரும்பும்போது அதை ஒப்படைக்காமல் வந்துவிட்டால், தாய்லாந்தின் கணக்கில் கார் இன்னும் அங்கேயே இருக்கும். அபராதத்தில் போய் முடியும். கடப்பிதழ்களோடு சேர்த்தே அதை வைத்திருங்கள்.

பதில் 3

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் உங்கள் திட்டத்தில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. அது டிசம்பர் மாதம். சாமுய் தாய்லாந்து வளைகுடாவில் இருப்பதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை அதைத் தாக்கும். நவம்பரில்தான் மழை உச்சம் என்றாலும், டிசம்பரிலும் கடல் கொந்தளித்துப் படகுகள் தாமதமாவதுண்டு, நிறுத்தப்படுவதும் உண்டு. அதே பருவமழையில்தான் 2025 நவம்பரில் ஹாட் யாய் நகரம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. வயதான தாயாருடன் செல்லும் நீங்கள், படகுக்காகத் துறையில் ஒரு நாள் முழுவதும் காத்திருக்க நேரிடும் வாய்ப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சாமுயே வேண்டுமென்றால் ஜூன் விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள். டிசம்பர்தான் முடியும் என்றால், அந்தமான் கடல் பக்கம் திரும்புங்கள். அங்கே அது வறண்ட பருவத்தின் தொடக்கம். என் பரிந்துரை கோ லாந்தா. அது லாந்தா நொய், லாந்தா யாய் என்ற இரு தீவுகள். ஹாட் யாயிலிருந்து ட்ராங் வழியாகச் சென்றால் பெருநிலத்திலிருந்து லாந்தா நொய் தீவுக்குக் கார்ப் படகு இருக்கிறது. அங்கிருந்து லாந்தா யாய் தீவுக்கு 2016 இல் திறக்கப்பட்ட பாலத்தில் ஓட்டிச் செல்லலாம். சாமுய் படகு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கடலில் போகும். லாந்தா படகோ குறுகிய நீரிணையைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். உங்கள் தாயார் காரைவிட்டு இறங்காமலே போகலாம்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காப்புறுதி நிறுவனம் கூடுதல் கட்டணத்துடன் தாய்லாந்து முழுவதற்கும் நீட்டிக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. கடல் பயணத்தைப் பற்றி அவர்களுடைய கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லாததால், மீண்டும் எழுதியிருக்கிறேன். வங்கிக்கும் விண்ணப்பித்துவிட்டேன். வீட்டில் பேசி, டிசம்பரில் லாந்தா, பிறிதொரு ஜூனில் சாமுய் என்று முடிவு செய்திருக்கிறோம். சாமுய் படகில் தாயாரின் நிலை எப்படியிருக்கும் என்பதை மட்டும் யாராவது சொன்னால், இப்போதே மனத்தில் வைத்துக்கொள்வேன்.

பதில் 2

சாமுய் படகில் காரைக் கீழ்த்தளத்தில் நிறுத்தி, கியரைப் பார்க்கிங்கில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, மேலே பயணிகள் தளத்துக்குச் செல்ல வேண்டும். கார்களை நெருக்கி நிறுத்துவதால் கதவைப் பாதிதான் திறக்க முடியும். இரும்புப் படிகளும் செங்குத்தானவை. ஓட்டுநரைத் தவிர மற்றவர்களை இறங்கி நடந்து ஏறும்படி துறையில் சொல்வதும் உண்டு. ஆகவே சீட்டு வாங்கும் இடத்திலேயே தாயாரின் முழங்கால் வலியைச் சொல்லி, படிக்கு அருகில் காரை நிறுத்த இடம் கேளுங்கள். கட்டணத்தில் காரும் ஓட்டுநரும் சேர்ந்திருப்பார்கள். மற்றவர்களுக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும்.

பதில் 1

எரிபொருளைப் பற்றி இரண்டு வார்த்தை. துவாஸைத் தாண்டும்போது தொட்டியில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மலேசியாவில் வெளிநாட்டுக் கார்களுக்கு ரோன் 95 பெட்ரோல் விற்கக்கூடாது என்பதால் ரோன் 97 போடுங்கள். தாய்லாந்தில் பெரும்பாலும் எத்தனால் கலந்த கேசோஹால்தான் கிடைக்கும். கேசோஹால் 95 இல் பத்து விழுக்காடு எத்தனால் இருக்கும், பெரும்பாலான கார்களுக்கு அது ஒத்துப்போகும். விலை குறைவாக இருக்கிறதே என்று, எத்தனால் மிக அதிகமுள்ள இ85 மட்டும் போட்டுவிடாதீர்கள். எரிபொருள் மூடியின் உட்புறத்தில் காருக்கு ஏற்ற வகை எழுதியிருந்தால், அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு நிலையத்தில் காட்டுங்கள். கடல் பயணத்துக்கான எழுத்துமூலப் பதில் வந்ததும் அதன் வாசகத்தை இங்கே இடுங்கள். லாந்தா படகும் அதில் அடங்குகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.