பழைய ஸ்டுடியோ விளக்குகள் எடைக்குப் போவது சரியா?

மேடைவெளிச்சம், மேலூர்:
சென்ற வாரம் மதுரையில் ஒரு காயலான் கடையில், ஏதோ ஒரு தொலைக்காட்சி நிலையம் கழித்துவிட்ட 2 கிலோவாட் விளக்குகள் ஏழெட்டு கிடப்பதைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் அவற்றை ஜூனியர் என்போம். கடைப் பையன் ஒன்றின் முகப்புக் கண்ணாடியைச் சுத்தியலால் தட்டி உதிர்த்துக்கொண்டிருந்தான். அலுமினியக் கூடு மட்டும் போதுமாம். வட்ட வட்டமாக வரி விழுந்த, ஒளியைக் குவித்துத் தரும் அந்த ஃப்ரெனல் கண்ணாடிதான் விளக்கின் உயிர். பங்குனி பிறந்துவிட்டால் விடிய விடிய நாடகம் நடக்கும் எங்கள் ஊர் மேடைகளில், மலிவான எல்இடி விளக்கின் கீழ் ராஜபார்ட்டின் முகம் ஊதா பூத்துத் தெரிகிறது. நிலையங்கள் இவற்றை ஒட்டுமொத்தமாக ஏலம் விடுவதற்கு முன், நாடகக் குழுக்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஒன்றிரண்டாக விற்றால் என்ன குறைந்துவிடும்?

ஓய்வுபெற்ற பொறியாளர், கே.கே. நகர்:
தம்பியின் ஆதங்கம் புரிகிறது; ஆனால் ஸ்டுடியோவில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதை நான் ஏற்கவில்லை. ஜூனியர் போன்ற டங்ஸ்டன் இழை விளக்கு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போகிறது. நான்கு ஜூனியர்களை ஏழு மணி நேரம் எரித்தால் 56 யூனிட் ஆகும். கிராமத்து மேடையில் அது ஜெனரேட்டரிலிருந்துதான் வர வேண்டும் என்பதால், டீசல் மட்டுமே ஏறத்தாழ 18 லிட்டர் பிடிக்கும். செலவைக்கூட விடுங்கள். பழைய விளக்குகள் சிலவற்றில் வயரைச் சுற்றியிருப்பது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உறை. தொட்டால் மாவாக உதிரும், அந்தத் தூள் நுரையீரலில் தங்கும். எர்த் இணைப்பு அறுந்த ஒரு விளக்கை ஈரத் தரையில் நிற்கும் இரும்புக் கம்பத்தில் மாட்டி ஒருவர் உயிர் போனால், விற்ற நிலையத்தைத்தான் கேட்பார்கள். நானாக இருந்தால் உடைக்கத்தான் கையெழுத்துப் போடுவேன்.

பழைய இரும்பு அண்ணாச்சி:
பழியை எங்கள் தலையில் போடுவதற்கு முன் ஏல முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசு நிறுவனங்கள் பலவும் எம்எஸ்டிசி என்ற அரசு நிறுவனம் நடத்தும் இணைய ஏலத்தில்தான் பழைய பொருள்களைக் கழிக்கின்றன. மேசை, நாற்காலி, கேபிள், விளக்கு, ஓடாத ஏசி எல்லாம் சேர்ந்து ஒரே லாட்டாக, உள்ளது உள்ளபடி என்ற நிபந்தனையோடு வரும். குறித்த நாளுக்குள் இடத்தைக் காலி செய்யாவிட்டால் தரைவாடகை கட்ட வேண்டும். அந்த அவசரத்தில் எது நாடகத்துக்கு ஆகும் என்று யார் பிரித்துப் பார்ப்பது? செம்புக்கும் அலுமினியத்துக்கும் விலை உண்டு. கண்ணாடிக்கு ஒரு பைசா கிடையாது. தம்பி பார்த்த கடை என்னுடையதல்ல, ஆனால் என் கடையிலும் அப்படித்தான் உடைப்போம்.

நாடாப்பெட்டி:
விளக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். அதே லாட்டில் யூ-மேட்டிக், பீட்டாகேம் ஒளிநாடாக் கருவிகளும் போகின்றனவே, அவற்றைக் கேட்பார் இல்லையா? 1971-இல் வந்த யூ-மேட்டிக் நாடாவை அதற்குரிய கருவியில்தான் ஓட்ட முடியும். நாடாவைப் படிக்கும் தலைப்பகுதி தேய்ந்தால் மாற்றுவதற்கு வேறொரு பழைய கருவியைத்தான் பிரித்தாக வேண்டும். விளக்கு போனால் வேறு விளக்கு வாங்கிக்கொள்ளலாம். கருவி போனால் அலமாரியில் இருக்கும் நாடாக்கள் அத்தனையும் ஊமை.

மேடைவெளிச்சம், மேலூர்:
ஐயா சொன்ன டீசல் கணக்குக்கு என்னிடம் மறுப்பில்லை. ஆனால் நான்கு விளக்கையும் இரவு முழுவதும் யாரும் எரிப்பதில்லை. பபூன் காட்சிக்கு எல்இடி போதும், தர்க்கம் நடக்கும்போது முகத்துக்கு இரண்டு ஜூனியர் இருந்தால் சரி. வயரைப் பொறுத்தவரை, பழையதை அப்படியே மாட்டச் சொல்லவில்லை. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளே மறுசுழற்சியாளரோடு, பழுதுநீக்கிப் புதுப்பிப்பவரையும் பதிவு செய்துகொள்ளச் சொல்கின்றன. உடைப்பது ஒன்றுதான் வழி என்று விதியே சொல்லாதபோது, ஐயா ஏன் சொல்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற பொறியாளர், கே.கே. நகர்:
புதுப்பிப்பவர் என்றால் பதிவும் பொறுப்பும் உள்ளவர், தம்பி; வயரை முறுக்கி டேப் ஒட்டுபவர் அல்லர். அந்தக் கையெழுத்தில் இன்னமும் நான் மாறவில்லை. ஆனால் கூட்டையும் கண்ணாடியையும் மட்டும் வைத்துக்கொண்டு வயர், ஹோல்டர் அனைத்தையும் தகுந்தவரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெப்பம் வெளியேற வழி செய்து உள்ளே நல்ல எல்இடி பொருத்துவதானால் எனக்கு ஆட்சேபமில்லை. நாடாக் கருவியைப் பற்றிச் சொன்னவர் சொல்வது சரி. நாங்களே இரண்டைப் பிரித்து ஒன்றை ஓட்டியிருக்கிறோம்.

பழைய இரும்பு அண்ணாச்சி:
கண்ணாடியும் வேண்டும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் எடுத்து வைத்திருப்போமே. என் கடையில் இப்போது நான்கு கண்ணாடி உடையாமல் இருக்கின்றன, ஒன்றில் மட்டும் ஓரத்தில் சிறு விரிசல். சனிக்கிழமை லோடு ஏறும். அதற்கு முன் சாக்கோடு வாருங்கள்.